ஏரிக்குள் போன கஸ்டம்ஸ் ஆபீசர்

ஸ்வீடனுக்குப் போய்வந்தவள் என்று தெரிந்ததும் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது பனியைப் பற்றித்தான். பனி இருந்தது. வெள்ளையாக இருந்தது. வழுக்கியது, நானும் விழுந்தேன். பனியைப் பற்றி என்னிடம் சொல்ல வேறொன்றும் இல்லை. அந்தப் பயணத்தில் என்னைப் படாத பாடு படுத்தியது ஒரு கதைப் புத்தகம். அதை நான் படித்ததுகூட இல்லை. கதை படிக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. எங்கள் வீட்டுக்கென்று இருந்த பொறுமையை மொத்தமாக எங்கள் அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போனது வேலை விஷயமாக. தாம்பரம் சானடோரியத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். ஆபரேஷன் செய்யும்போது டாக்டர்கள் போட்டுக்கொள்கிற ரப்பர் கையுறை. நாங்கள் அனுப்பிய சரக்கில் எல்லாமே இடது கையாக இருக்கிறது என்று ஸ்வீடனிலிருந்து புகார் வந்தது. எங்கள் மேனேஜர் நம்பவில்லை. "திருப்பிப் போட்டுப் பாத்திருக்க மாட்டாங்க ஜமீலா, நீ நேர்ல போய்ப் பாத்துட்டு வா" என்றார். ஒரு கையுறை இடதா வலதா என்று பார்க்க ஆளை ஐரோப்பாவுக்கு அனுப்பிய கம்பெனி உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

காதர் அண்ணனுக்கு இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே டைல்ஸ் கடை. வாஷ்பேசின், குழாய், பாத்ரூம் கண்ணாடி எல்லாம் விற்பார். விற்பார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கல்லாவில் உட்கார்ந்து இங்கிலீஷ் துப்பறியும் நாவல் படிப்பார். வந்தவர்கள் தாங்களே டைல்ஸைத் தட்டிப் பார்த்து, தாங்களே விலையைப் பேசி, தாங்களே குறைத்துக்கொண்டு போவார்கள்.

அந்த அண்ணனுக்கு இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் தள்ளிப்போட்டார். பக்ரீத் முடியட்டும் என்றார். கடையில் சரக்குக் கணக்கு எடுக்கணும் என்றார். அண்ணி அழுது, நான் கத்தி, கடைசியில் நான் ஸ்வீடனிலிருந்து திரும்புகிற அடுத்த வாரத்துக்கு ஒரு தேதி வாங்கினோம். அப்போதுதான் அவர் புதிதாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

யாரோ ஒரு ஸ்வீடன்காரர், மூன்று துப்பறியும் நாவல்களை எழுதி வைத்துவிட்டு, ஒன்றுகூட அச்சாகும் முன் செத்துப்போனாராம். அதன்பிறகு அவை வெளிவந்து உலகமே வெறிபிடித்துப் படிக்கிறதாம். கதாநாயகன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கஸ்டம்ஸ் ஆபீசர். இரண்டாவது நாவலின் கடைசி வரியில், உறைந்த ஏரியின் மேல் அவர் கார் ஓட்டிப் போகும்போது பனி உடைந்து கார் உள்ளே போகிறது. அதோடு புத்தகம் முடிந்துவிட்டது. மூன்றாவது இங்கிலீஷில் இன்னும் வரவில்லை.

"நீ அங்கதானே போற. மூணாவது புத்தகம் இல்லாம வந்துடாத ஜமீ. அந்தாளு பொழச்சானா இல்லையான்னு தெரியாம நான் ஆபரேஷன் டேபிள்ல படுக்க மாட்டேன்."

"படுக்காமலே நீங்க போய்ச் சேந்துட்டா?"

"எழுதினவரே போய்ச் சேந்துட்டாரு. ஆனா அவருக்கு முடிவு தெரியும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அண்ணி முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. பயத்தை வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அந்த மனுஷன் ஒரு கஸ்டம்ஸ் ஆபீசர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார்.

ஸ்வீடனில் முதல் நாள். கிடங்குக்கு அழைத்துப்போய்ப் பெட்டிகளைப் பிரித்துக் காட்டினார்கள். எல்லாம் இடது கைதான். வலது என்று ஒன்றுகூட இல்லை. நான் ஒரு கையுறையைத் திருப்பிப் போட்டும் பார்த்தேன், எங்கள் மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. எதிரே நின்றிருந்த அம்மையார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பி கொடுத்தார். அங்கே தப்பு நடந்தாலும் காப்பி, நடக்காவிட்டாலும் காப்பி. கூடவே ஏலக்காய் போட்ட ஒரு பன். அந்த மணத்தை மோந்ததும், வந்த இடத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்ததுபோல் இருந்தது. இறைச்சி ஹலாலா என்று கேட்கச் சங்கடப்பட்டு நான் மீனும் உருளைக்கிழங்குமாக வாரத்தை ஓட்டினேன். காலையில் உருளைக்கிழங்கு, மத்தியானம் உருளைக்கிழங்கு. சாயங்காலம் மாறுதலுக்குச் சின்ன உருளைக்கிழங்கு.

இரண்டாம் நாள் ரயிலில் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது. கதவு திறக்கும் என்று நின்றேன். திறக்கவில்லை. பொத்தானை நாமே அமுக்க வேண்டுமாம். கதவே இல்லாத மின்சார ரயிலில் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் போய்வருகிறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும். ரயில் என்னை ஏதோ ஒரு காட்டுக்குள் கொண்டுபோனது. பெட்டியில் என்னையும் சேர்த்து ஏழெட்டுப் பேர். என்னைத் தவிர எல்லோர் கையிலும் தடித்தடியான புத்தகம், எல்லா அட்டையிலும் உறைந்த ஏரி.

பக்கத்தில் இருந்த வயதான பெண்மணியிடம் கேட்டேன், அந்த கஸ்டம்ஸ் ஆபீசர் பிழைத்தாரா என்று. அந்த அம்மாள் என் கையைத் தட்டிக் கொடுத்து, "அதை நீங்களே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்" என்றார். எதிரே இருந்த இளைஞனைக் கேட்டேன். அவன் முகம் சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த ஊரில் வயதைக் கேட்டால் சொல்கிறார்கள், சம்பளத்தைக் கேட்டாலும் கூசாமல் சொல்கிறார்கள். கதையின் முடிவைக் கேட்டால் மட்டும் ஏதோ அசிங்கமானதைக் கேட்டுவிட்ட மாதிரி பார்க்கிறார்கள். கிடங்கு அம்மையாரைக் கேட்டேன். காப்பி கொடுத்தார்.

அங்கே ரொட்டிக் கடைக்குப் போனாலும் முதலில் ஒரு டோக்கன் கிழித்துக்கொண்டு நம் எண் வரும்வரை நிற்க வேண்டும். கடையில் நான் ஒருத்திதான் இருந்தேன், அப்போதும் டோக்கன். தாம்பரம் ஸ்டேஷன் கவுன்ட்டரில் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் கைவிட்டு டிக்கெட் வாங்குகிற என்னை அந்த அமைதி பாடாய்ப் படுத்தியது. புத்தகக் கடையிலும் டோக்கன். என் முறை வந்ததும் கடைக்காரப் பெண், "இங்கிலீஷில் வர இன்னும் பல மாதம் ஆகும். ஸ்வீடிஷில்தான் இருக்கிறது" என்றாள்.

அங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். புத்தகத்தைப் புரட்டினேன். எல்லாம் ஏ, பி, சி, டிதான். இங்கும் அங்கும் சில எழுத்துகளின் தலைமேல் புள்ளி, வட்டம். அண்ணன் நாளெல்லாம் இங்கிலீஷ் படிக்கிறவர், கூட்டிக் கூட்டிப் படித்தால் புரிந்துவிடும் என்று முழுசாக நம்பி அந்தச் செங்கல்லை வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

ஊர் திரும்பினால் மேம்பால வேலைக்காகத் தாம்பரத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நான் போகும்போதும் அப்படித்தான் இருந்தது, பள்ளம் மட்டும் இடம் மாறியிருந்தது. அண்ணன் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கல்லாவில் உட்கார்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் படித்தார். வாஷ்பேசின் வாங்க வந்த ஒரு குடும்பம் பயந்து வெளியே போய்விட்டது.

"ஒரு வார்த்தை புரியுது ஜமீ. 'பஸ்'னு வருது."

"சரி, பஸ் வருதுல்ல. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"அது எந்த பஸ்ஸுன்னு தெரியலையே."

கூட நின்றிருந்த அண்ணி கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் புத்தகத்தாலேயே அண்ணன் தலையில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. ஆனால் ஆபரேஷன் அடுத்த வியாழக்கிழமை, கத்திக்கொண்டிருக்க நேரமில்லை. அண்ணனின் கண்டிஷனும் மாறவில்லை. கடைக்குப் பக்கத்து நெட் சென்டரில் போய்த் தேடியும் பார்த்திருக்கிறார். பிழைத்தான் என்று பாதிப் பேர், செத்தான் என்று பாதிப் பேர். இரண்டு கட்சியும் புத்தகத்தைப் படித்ததில்லை. "எனக்குப் புத்தகமே சொல்லணும்" என்றார்.

கடை வாசலில் ஆட்டோ நிறுத்துகிற செல்வம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். "இன்னாக்கா இது பேஜாரு. திருநீர்மலையாண்ட ஒரு பெரியவர் கீறாரு, கப்பல்ல இருந்தவரு. ஒலகத்துல இல்லாத பாசையெல்லாம் பேசுவாரு. வா, இட்டுனு போறேன்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அண்ணனும் நானும் செல்வத்தின் ஆட்டோவில் ஏறினோம். தாம்பரம் தாண்டுவதற்குள் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கிவிட்டது. நான் இறங்குவதற்குள் அண்ணன் இறங்கிப் பின்னால் போய்த் தள்ளத் தயாராக நின்றார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பஸ்காரர் பிரேக் போட்டார். "மூணு அடைப்ப வெச்சிகினு ஆட்டோ தள்றியா பாய்? போய்க் குந்து" என்று செல்வம் அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தான். நானும் ஒரு பழக்காரரும் தள்ளினோம்.

திருநீர்மலையில் அந்தப் பெரியவர் மலைமேல் பெருமாளைச் சேவிக்கப் போயிருந்தார். அண்ணன் படி ஏறக் கூடாது. அடிவாரத்தில் குளத்தைப் பார்த்தபடி காத்திருந்தோம். நெற்றியில் நாமத்தோடு இறங்கிவந்தவர், விஷயத்தைக் கேட்டுப் புத்தகத்தை வாங்கி, அட்டையைப் பார்த்தார், முதல் பக்கத்தைப் பார்த்தார், நிதானமாகத் தலையை ஆட்டினார்.

"இது ஸ்வீடிஷ்" என்றார்.

அது எங்களுக்கே தெரியும். அவருக்கு அந்த மொழியில் பத்துவரை எண்ணத் தெரியும். கதவைச் சாத்து, குளிருகிறது என்று சொல்லத் தெரியும். ஒரு பீர் கொடு என்று கேட்கத் தெரியும். அவ்வளவுதான். ஆனால் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் பக்கம் பக்கமாகத் தேடி ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்க யாரோ பீர் குடிக்கறா."

"யாரு சார்? கஸ்டம்ஸ்காரரா பாருங்க" என்று அண்ணன் எழுந்தே விட்டார். அவர் குடித்தால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தமாம்.

"அது தெரியலை. ஆனா ரெண்டு பீர்."

இரண்டு தொன்னை நிறையப் புளியோதரை கொடுத்து அனுப்பினார். ஒரு வாரம் உருளைக்கிழங்கு தின்ற நாக்கு, சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. செல்வம் அவன் பங்கையும் என் பங்கில் பாதியையும் சாப்பிட்டான். சாப்பிடும்போதுதான் அவனுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது.

"பீர்க்கன்கரணைல ஒரு சிஸ்டர் கீறாங்கக்கா. மிஷன் ஆஸ்பத்திரில வேல செஞ்சவங்க. வயசுல நர்சுக்குப் பட்ச்சது ஸ்வீடன்லதானாம். நான்தான் அவங்கள ஞாயித்துக்கெயம சர்ச்சுக்கு இட்டுனு போறது."

இதை நேற்றே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்டேன். கப்பல்காரர் என்றால் இன்னும் கெத்தாக இருக்கும் என்று நினைத்தானாம்.

எஸ்தர் சிஸ்டர் ஏரியைப் பார்த்த ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார், ஆனால் வார்டில் ரவுண்டு வருகிற நடை இன்னும் போகவில்லை. செருப்பை வெளியே விடச் சொன்னார், கை கழுவச் சொன்னார், எங்கள் மூவரையும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரவைத்தார். நான் அண்ணனின் அடைப்பையும், வியாழக்கிழமை ஆபரேஷனையும், அவர் பிடிக்கிற அடத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கேட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டு முதல் சில பக்கங்களை மனதுக்குள் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"என்ன சிஸ்டர், பிழைச்சாரா?" என்றார் அண்ணன்.

சிஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "பிழைத்தார்" என்றார். "ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நாளையிலிருந்து மத்தியானம் வாங்க, ஒழுங்காகப் படிக்கிறேன்."

சனிக்கிழமையிலிருந்து தினமும் சோறு உண்டதும் பீர்க்கன்கரணைக்குக் கிளம்பினோம். ஸ்வீடனுக்குப் போனதைவிட எனக்கு இந்தப் பயணம்தான் பயணமாக இருந்தது. சிஸ்டர் ஸ்வீடிஷில் ஒரு பத்தியைக் கண்ணால் ஓட்டிவிட்டுத் தமிழில் சொல்வார். அவருக்குக் கதை சொல்லத் தெரிந்த தமிழ் தேவாலயத் தமிழ். "அப்பொழுது ஆபீசருடைய குமாரத்தி மிகுந்த வியாகுலத்தோடே மோட்டார் வாகனத்தில் ஏறி, கொலைபாதகனுடைய வீட்டண்டைக்குப் போனாள்" என்று வரும். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில இடங்களில் சிஸ்டரின் உதடு இறுகும். "இதில் அசுத்தமான காரியங்கள் இருக்கின்றன" என்று பத்துப் பதினைந்து பக்கங்களை ஒன்றாகத் தள்ளுவார். உலகமே அந்தப் பக்கங்களுக்காகத்தான் அதைப் படிக்கிறதோ என்னவோ, பீர்க்கன்கரணையில் அவை வாசிக்கப்படவில்லை. அதனால் கதை வேகமாகவும் நகர்ந்தது.

செல்வம் வாடகை கேட்காமல் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஏரி விஷயம் தீரவே இல்லை.

"ஏரி மேல எப்டி சிஸ்டர் காரு ஓட்டுவான்?"

"குளிரில் தண்ணீர் கல்லாகிவிடும் செல்வம். லாரியே போகும். நான் பார்த்திருக்கிறேன்."

"நம்ம ஊர்லயும்தான் ஏரி மேல காரு போவுது, லாரி போவுது, வூடே கட்டிகினு கீறாங்க. ஒண்ணியும் ஒடையலியே."

சிஸ்டர் யோசித்துவிட்டு, "மழைக்காலம் வரட்டும்" என்றார்.

எனக்கு ஒன்றுதான் வியப்பாக இருந்தது. ஸ்வீடன்காரர்கள் துப்பறியும் கதையில்கூட ஆஸ்பத்திரியை இவ்வளவு விவரமாக எழுதுவார்களா? மகள் கொலைகாரனைத் தேடி ஊரெல்லாம் அலைகிறாள். ஆனால் கதை அடிக்கடி கஸ்டம்ஸ் ஆபீசரின் கட்டிலுக்கு வந்துவிடும். அவருக்கும் நெஞ்சில் ஆபரேஷன். கண் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கிறது, பேச முடியவில்லை, ஆனால் மூச்சை அந்த மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று தெரிந்ததால் அவர் திமிறவில்லை, நர்சுக்கு இடது கையைத் தூக்கிக் காட்டுகிறார். தாகம் எடுக்கிறது, தண்ணீர் தரமாட்டார்கள், உதட்டை மட்டும் நனைப்பார்கள். இரும வேண்டியிருந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். சிஸ்டர் ஒரு தலையணையை எடுத்துவந்து அண்ணன் கையில் கொடுத்து இருமச் சொன்னார். கதை நன்றாகப் புரிய வேண்டும் என்பதற்காகவாம். அண்ணன் இருமினார். செல்வமும் இருமிப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை கதை முடிந்தது. கொலைகாரன் பிடிபட்டான், ஆபீசர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார். அண்ணன் எழுந்து, சிஸ்டருக்கு சலாம் சொல்லிவிட்டு, "போலாம் ஜமீ" என்றார். வீட்டுக்கு வந்து தானே பெட்டியில் துணி எடுத்து வைத்தார். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாலை டாக்டர் பார்க்க வந்தார். நாடியைப் பார்க்கக் குனிந்தவர், தலையணைக்குப் பக்கத்தில் இருந்த புத்தகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது மூணாவது இல்ல? இன்னும் வரவே இல்லையே, உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"எந்தங்கச்சி ஸ்வீடன்லேர்ந்து வாங்கிட்டு வந்தது. முழுக்கக் கேட்டாச்சு டாக்டர்."

டாக்டர் கதவைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கார் உள்ள போச்சே. அவர் பொழச்சாரா?"

அண்ணன் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு அந்தப் பழைய கடைக்காரச் சிரிப்பைப் பார்த்தேன். "மொதல்ல ஆபரேஷன் முடியட்டும் டாக்டர். அப்புறம் வாங்க, ஒண்ணுவிடாமச் சொல்றேன்."

இதைவிடப் பெரிய இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது என்று டாக்டர் போனபிறகு அண்ணன் என்னிடம் சொன்னார். நான் வெளியே ஓடி டாக்டரைப் பிடித்து, நீங்கள் போட்டுக்கொள்கிற கையுறை எந்தக் கம்பெனி என்று கேட்டேன். எங்களுடையது இல்லை. நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமையைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. அண்ணியும் நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் ஓதித் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். செல்வம் எதிரே நின்றபடியே இருந்தான், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான்.

அண்ணன் கண் விழித்ததை அங்கிருந்த நர்ஸ் பிறகு சொன்னாள். பலபேர் தொண்டைக் குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்களாம், கையைக் கட்ட வேண்டியிருக்குமாம். இவர் கண்ணைத் திறந்தார், இடது கையைத் தூக்கிக் காட்டினார், அமைதியாகப் படுத்துக்கொண்டார்.

குழாயை எடுத்த மறுநாள் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க பாய். பொழச்சாரா?"

அண்ணன் விழித்தார். மோட்டுவளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கஸ்டம்ஸ்காரரா? எனக்கே தெரியலையே டாக்டர்" என்றார்.

மயக்க மருந்தில் சிலருக்கு இப்படி ஆகுமாம். ஸ்வீடன் கதைகளில் முதல் இரண்டும் அவருக்கு வரி வரியாக ஞாபகம் இருந்தது. பீர்க்கன்கரணைக்குப் போன நாட்கள் மட்டும் மொத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டன. குழாய் இருக்கும் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "தெரியும். எப்படித் தெரியும்னுதான் தெரியல" என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். புத்தகமே சொல்லவேண்டுமாம். டாக்டரும் அதுதான் நியாயம் என்றார். இரண்டு பைத்தியங்களுக்கு நடுவில் நான் என்ன செய்வது.

அண்ணன் நன்றாக நடமாட ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி பீர்க்கன்கரணைக்குப் போனோம். டாக்டர் தன் காரில் பின்னாலேயே வந்தார், ஏரிக்கரைப் பக்கம் திரும்பும்போது மட்டும் காரை மிக மெதுவாக ஓட்டினார். சிஸ்டர் அவரையும் கை கழுவச் சொன்னார். அவர் முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்தார்.

சிஸ்டர் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் சரியாகிவிட்டதா டாக்டர்?"

"நல்லா இருக்காரு சிஸ்டர். நம்மளவிட நல்லா இருக்காரு."

"அப்படியானால் சரி" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார்.

"பனி உடைந்த மூன்றாம் நாளிலே, கஸ்டம்ஸ் ஆபீசருடைய சரீரத்தை ஏரியிலிருந்து எடுத்து, அவருடைய குமாரத்தியின் முன்னே கிடத்தினார்கள்."

செல்வம் நாற்காலியின் நுனிக்கு வந்தான். "இன்னா சிஸ்டர், அன்னிக்கு ஆஸ்பத்திரில இல்ல இருந்தாரு? குழாயெல்லாம் வெச்சாங்களே?"

"அன்றைக்கு இவர் ஆபரேஷனுக்குப் போகிறவர்" என்றார் சிஸ்டர், தலையை நிமிர்த்தாமல். "போகிறவருக்கு இதையா படித்துக் காட்டுவார்கள்?"

எனக்கு முதலில் சுள்ளென்று கோபம்தான் வந்தது. இத்தனை நாள் ஒரு பிணத்துக்குக் கட்டில் போட்டு, உதட்டை நனைத்து, எங்களை உட்காரவைத்துக் கதை சொன்னாரே என்று. பிறகு அந்தத் தலையணை ஞாபகம் வந்தது. அதை அணைத்துக்கொண்டு அண்ணன் இருமியது ஞாபகம் வந்தது. நான் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

டாக்டரின் கை அண்ணனின் மணிக்கட்டைத் தேடிப் போனது. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"கார் முழுகினப்பவே செத்துட்டானா சிஸ்டர்?"

"அப்பொழுதே."

அண்ணன் கொஞ்சநேரம் ஏரிப் பக்கம் பார்த்தார். மேசைமேல் இருந்த முறுக்கை ஒன்று எடுத்து உடைத்தார்.

"பாவம், நல்ல மனுஷன்" என்றார். "சரி, செத்தா செத்துட்டுப் போறான். யார் பண்ணினதுன்னு பாக்கணும். மேல படிங்க."